ஈஸலை வெட்டிட்டாங்க! லவீனியா ஃபொன்டானா பிரிண்ட் வந்த கதை

வணக்கம் மக்களே! இன்றைக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போன வீடியோவில் ஆர்டர் போட்டுவிட்டேன் என்று குதித்தேனே, இத்தாலிய ஓவியர் லவீனியா ஃபொன்டானா தன்னையே வரைந்த படத்தின் பிரிண்ட், வந்துவிட்டது. ஃபிரேமோடு 1,450 ரூபாய். டெலிவரிக்குத் தனியாக 120. பிரித்துப் பார்த்தால், முகம் பெரிதாகத் தெரியட்டும் என்று ஓரங்களை வெட்டியிருக்கிறார்கள். போனது எது தெரியுமா? பின்னால் சன்னலோரம் நிற்கும் ஈஸல், அதாவது படம் வரைய வைக்கிற ஸ்டாண்டு! படத்தில் விஷயமே அதுதானே! இத்தனைக்கும் ஒரிஜினல் 27க்கு 24 சென்டிமீட்டர்தான். ரோமில் சான் லூகா அகாடமியில் இருக்கிறது. இவ்வளவு சின்னப் படத்தில் வெட்ட என்ன இருக்கிறது?

சரி, படத்துக்கு வருவோம். ஒரு பெண் கீபோர்டு வாத்தியம் வாசிக்கிறார், பணிப்பெண் இசைப் புத்தகத்தோடு நிற்கிறார். உடனே 'இசைக்கலைஞர்' என்று சொல்லிவிட்டு நகர்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். வாசிப்பவர் லவீனியாவேதான். இத்தாலியின் போலோஞா ஊர் ஓவியர், ஓவியர் ப்ராஸ்பெரோவின் மகள். 1577இல் தன்னையே வரைந்து, கல்யாணம் பேசியிருந்த இமோலா ஊர் ஸாப்பி குடும்பத்துக்கு அனுப்பிய படம் இது. நம் வீடுகளில் பெண் போட்டோ அனுப்புவோமே, அதே கதை. வாசிக்கத் தெரிந்தால் நல்ல வளர்ப்பு. சுருதி சேர்ந்த இசை, ஒத்துப்போகும் தாம்பத்தியம். வேலைக்கு ஆள் இருந்தால் வசதி. சிவப்பு உடை, போலோஞா மணப்பெண்களின் நிறம்.

அட, மேலே இருக்கும் லத்தீன் வரியை விட்டுவிட்டேன். 'ப்ராஸ்பெரோவின் கல்யாணமாகாத மகள் லவீனியா, கண்ணாடி பார்த்துத் தன் முகத்தை வரைந்தாள்' என்று வருஷத்தோடு எழுதியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற படத்தில் கையெழுத்து!

இப்போது அந்த ஈஸல். பக்கத்திலேயே கல்யாணச் சீர்ப் பெட்டி. என் தொழில்தான் என் சீர் என்று சொல்லாமல் சொல்கிறார். நடந்ததும் அதுதான். கல்யாணத்துக்குப் பிறகும் விடாமல் வரைந்தார், குடும்பத்துக்குப் பெரிய வருமானம் அவருடையது. 11 பிள்ளைகள் பெற்றுக்கொண்டே! கணவர் ஜான் பாவ்லோவும் ஓவியர்தான், அவர் மனைவிக்கு உதவியாளராக இருந்தார்.

இன்னொரு இத்தாலியப் பெண் ஓவியர் சோபோனிஸ்பா ஆங்குவிசோலாவும் இதற்கு இருபது வருஷம் முன்பே வாத்தியம் வாசிக்கிற மாதிரி தன்னை வரைந்திருக்கிறார், நேப்பிள்ஸில் இருக்கிறது. அழகுதான், ஆனால் அதில் ஈஸல் கிடையாது. என் ஓட்டு லவீனியாவுக்கே. சோபோனிஸ்பா கட்சிக்காரர்கள் கீழே சண்டைக்கு வாங்க.