ஐரோப்பியக் கிராமங்களுக்கு பிராட்பேண்ட்: அரசு கொடுக்கும் பணத்தால் நம் கட்டணம் குறையுமா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். ஜெர்மனியில் ஒரு சின்னக் கிராமத்தில் இருக்கும் நேயர் ஒருவர் அனுப்பியிருக்கிறார், அப்படியே படிக்கிறேன். “அண்ணா, 2030-க்குள் ஐரோப்பாவில் எல்லா வீட்டுக்கும் கிகாபிட் இணைப்பு என்று போன வீடியோவில் சொன்னீர்கள். எங்கள் ஊரில் இன்னும் பழைய டெலிபோன் கம்பி வழியாகத்தான் இன்டர்நெட் வருகிறது. பிள்ளைகள் இருவரும் ஒரே நேரத்தில் ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்தால் படம் நின்றுவிடுகிறது. கம்பெனிகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் பணத்தால் எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டணம் குறையுமா? நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது?”

இதில் இரண்டு கேள்வி இருக்கிறது, இரண்டுமே நியாயமானவை. முதல் கேள்விக்கு என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். குறையும், ஆனால் பணம் கொடுக்கும்போதே ஒப்பந்தத்தில் என்ன நிபந்தனை எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் குறையும். எத்தனை கோடி ஒதுக்கினார்கள் என்ற செய்தியைப் பார்த்து நாம் சந்தோஷப்பட்டுவிடுகிறோம், அந்த நிபந்தனையை யாரும் படிப்பதில்லை. அதனால் அதைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் அதிகமாகப் பேசப்போகிறேன்.

முதலில் இந்த 2030 கதை. இலக்கு வைப்பதில் ஐரோப்பிய ஒன்றியம் எப்போதுமே பின்தங்கியதில்லை. 2010-ல் வைத்த இலக்கு, 2020-க்குள் எல்லா வீட்டுக்கும் குறைந்தது 30 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 30 மெகாபிட் வேகம். 2016-ல் அதை மாற்றி, 2025-க்குள் கிராமம் நகரம் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லா வீட்டுக்கும் 100 என்றார்கள். 2021-ல் மறுபடியும் ஒன்று, 2030-க்குள் கிகாபிட், அதாவது 1,000 எம்பிபிஎஸ். ஐரோப்பியத் தணிக்கை மன்றம் 2018-ல் ஓர் அறிக்கை போட்டது. 2014 முதல் 2020 வரையிலான காலத்துக்குக் கிட்டத்தட்ட 1,500 கோடி யூரோ பிராட்பேண்டுக்காக ஒதுக்கியும், 2020 இலக்கு எல்லோருக்கும் எட்டாது, முக்கியமாகக் கிராமங்கள்தான் விடுபடும் என்று அதில் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியிருந்தார்கள். அப்படியேதான் நடந்தது. 2023 கணக்குப்படி ஒன்றியம் முழுவதும் ஃபைபர், அதாவது கண்ணாடி இழைக் கேபிள், கிடைக்கும் வீடுகள் 64 சதவீதம், கிராமப்புறத்தை மட்டும் எடுத்தால் பாதியைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான்.

கிராமம் ஏன் எப்போதும் கடைசியில் நிற்கிறது? ஃபைபர் இழை ஒன்றும் பெரிய விலை இல்லை. ரோட்டைத் தோண்டுவது, குழாய் பதிப்பது, கம்பம் நடுவது, அனுமதி வாங்குவது, இந்த வேலைகள்தான் மொத்தச் செலவில் 80 சதவீதம் வரை தின்றுவிடுகின்றன. நகரத்தில் நூறு மீட்டர் தோண்டினால் ஒரு அடுக்குமாடியில் ஐம்பது வீடு கிடைக்கும். கிராமத்தில் ஒரு கிலோமீட்டர் தோண்டிப் போனால் இரண்டு பண்ணை வீடு, ஒரு மாட்டுக்கொட்டகை. போட்ட காசு திரும்ப வராத இடத்துக்கு எந்தக் கம்பெனியும் தானாகப் போகாது. அப்புறம் உங்கள் வீட்டுக்கு வரும் செம்புக் கம்பி. அதில் வேகம் தூரத்தைப் பொறுத்தது. தெருவோரப் பெட்டிக்குப் பக்கத்து வீட்டில் நன்றாக வரும், ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனால் பாதிக்கும் கீழே விழுந்துவிடும். ஜெர்மனி ரொம்ப நாள் இந்தச் செம்புக் கம்பியையே முறுக்கேற்றி ஓட்டிக்கொண்டிருந்தது. அதன் பலனைத்தான் உங்கள் பிள்ளைகள் அனுபவிக்கிறார்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாடு தன் சொந்தப் பணத்தைக்கூட இஷ்டத்துக்கு ஒரு கம்பெனிக்குக் கொடுக்க முடியாது, அரசு உதவி விதிகள் என்று இருக்கின்றன. பிராட்பேண்டுக்கு 2013-ல் வந்த வழிகாட்டுதலில் நாட்டையே மூன்று நிறமாகப் பிரித்தார்கள். யாருமே நெட்வொர்க் போடாத, போடும் எண்ணமும் இல்லாத இடம் வெள்ளை, ஒரே ஒரு நெட்வொர்க் இருந்தால் சாம்பல், இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் கறுப்பு. அரசுப் பணம் முக்கியமாக வெள்ளைப் பகுதிக்கு. 2022 கடைசியில் இந்த விதிகளைத் திருத்தினார்கள், அடிப்படை அதேதான். பணம் வாங்குகிறவர் மேல் விழும் பெரிய நிபந்தனை ஒன்று இருக்கிறது: அந்த நெட்வொர்க்கை மற்ற கம்பெனிகளுக்கும் மொத்த விற்பனை விலையில் திறந்துவிட வேண்டும். ஊர்ப் பணத்தில் ரோடு போட்டால் அதில் யார் பஸ் வேண்டுமானாலும் ஓடலாம், போட்டி இருப்பதால் டிக்கெட் விலை ஏறாது, அந்த மாதிரி. உங்கள் மாதக் கட்டணத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த ஒரு நிபந்தனைதான்.

இது நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அயர்லாந்தைப் பார்க்க வேண்டும், எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம், குறைகளோடு சேர்த்தே பிடிக்கும். அங்கே தேசிய பிராட்பேண்ட் திட்டத்தை அறிவித்தது 2012-ல். ஒப்பந்தம் கையெழுத்தானது 2019 நவம்பரில். நடுவில் ஏழு வருடம் போய்விட்டது. 2017-ல் பழைய தொலைபேசி நிறுவனமான ஏர், கிராமப்புறத்தில் 3 லட்சம் வீடுகளுக்கு நாங்களே சொந்தக் காசில் போடுகிறோம் என்றது. கேட்க நல்ல விஷயம்தான், ஆனால் அவை கொஞ்சம் சுலபமாக எட்டக்கூடிய வீடுகள். அவை திட்டத்திலிருந்து வெளியே போனதும், மிஞ்சியதெல்லாம் மலையடிவாரமும் மேய்ச்சல் நிலமும் தனித்தனி வீடுகளும், ஆக ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு ஏறிவிட்டது. திட்டத்தை எடுத்துச் செய்வதற்கான ஏலத்தில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேர் விலக, ஒரே ஒரு தரப்பு மிஞ்சியது. அரசுச் செலவினத் துறை அதிகாரிகளே இந்த ஒப்பந்தம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அரசு கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டது.

தொகை எவ்வளவு? அதிகபட்சம் சுமார் 260 கோடி யூரோ மானியம், சுமார் 5.4 லட்சம் வீடுகள், பண்ணைகள், கடைகள், பள்ளிகள், நாட்டின் நிலப்பரப்பில் 96 சதவீதம். வகுத்துப் பாருங்கள், ஓர் இணைப்புக்கு 4,800 யூரோ வரை வருகிறது. ஒரு குடும்பம் தன் கையிலிருந்து இதைக் கொடுக்க முடியுமா? முடியாது. பொதுப்பணம் ஏன் தேவை என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதினார்கள் என்று பாருங்கள். நெட்வொர்க் போடும் நேஷனல் பிராட்பேண்ட் அயர்லாந்து வீட்டுக்காரர்களுக்கு நேரடியாக எதையும் விற்காது. அது மொத்த விற்பனை மட்டும் செய்யும், டஜன் கணக்கான சில்லறை நிறுவனங்கள் அதே கேபிளில் வந்து வாடிக்கையாளரைப் பிடிக்கப் போட்டி போடலாம். அந்த மொத்த விற்பனை விலை நகரத்து விலையை ஒட்டியே இருக்க வேண்டும். கம்பத்திலிருந்து வீடு வரை நீளமாகக் கேபிள் இழுக்க வேண்டியிருந்தாலும் பெரும்பாலான வீடுகளில் அந்தக் கூடுதல் செலவு வீட்டுக்காரர் தலையில் விழாது. பணத்தையும் மொத்தமாகத் தூக்கிக் கொடுக்கவில்லை, வேலை முடிய முடியத்தான் தருகிறார்கள். எதிர்பார்த்ததைவிட லாபம் அதிகம் வந்தால் ஒரு பங்கை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். இதனால்தான் ஒரு தீவுமூலைப் பண்ணை வீட்டுக்காரரும் டப்ளின் விலையை ஒட்டிய கட்டணத்தில் 500 எம்பிபிஎஸ் வாங்க முடிகிறது.

அங்கே வேலை நடக்கும் விதமும் பார்க்கத்தக்கது. புதிதாக எல்லாம் தோண்டவில்லை, பழைய டெலிபோன் கம்பங்களையும் நிலத்தடிக் குழாய்களையும் வாடகைக்கு எடுத்து அதிலேயே ஃபைபரை ஓட்டுகிறார்கள். ஆனால் ஒற்றையடி ரோட்டில் இரண்டு பக்கமும் வேலிமரம் வளர்ந்து கம்பியை மூடியிருக்கும், முதலில் ஓர் ஆள் கூட்டம் வந்து கிளை வெட்ட வேண்டும். உளுத்த கம்பத்தை மாற்ற வேண்டும். குழாயில் கம்பியை விட்டால் பாதியில் மண் அடைத்து நிற்கும், அந்த இடத்தில் மட்டும் ரோட்டைத் தோண்ட வேண்டும். ஆரம்ப வருடங்களில் திட்டம் தாமதமானதற்கு இந்த மாதிரி வேலைகளும் ஒரு காரணம், கொரோனா இன்னொரு காரணம்.

எனக்கு இதில் வருத்தம் தரும் விஷயம் ஒன்று உண்டு. 25 வருட ஒப்பந்தம் முடிந்தபிறகும் அந்த நெட்வொர்க் மக்களுடையது ஆகாது, கம்பெனியிடமே இருக்கும். இவ்வளவு பொதுப்பணம் போட்ட ஒன்றை அப்படி விட்டிருக்கக் கூடாது என்பது என் கருத்து.

எல்லா இடத்திலும் இவ்வளவு பணம் தேவைப்படவில்லை. ஸ்பெயினில் 2009 வாக்கிலேயே பெரிய தொலைபேசி நிறுவனத்தின் நிலத்தடிக் குழாய்களை மற்றவர்களுக்குத் திறந்துவிட வைத்தார்கள், இன்று ஃபைபரில் ஐரோப்பாவின் முன்வரிசையில் இருக்கிறது. அங்கே ஃபைபர் போகவே முடியாத வீடுகளுக்கு 2023-ல் அரசு மானியத்தோடு மாதம் 35 யூரோவுக்குச் சாட்டிலைட் இணைப்பு தர ஆரம்பித்தார்கள். ஒன்றியமும் இப்போது கிகாபிட் உள்கட்டமைப்புச் சட்டம் ஒன்று கொண்டுவந்திருக்கிறது, 2025 நவம்பரிலிருந்து பெரும்பகுதி அமலில் இருக்கிறது. இருக்கும் குழாயையும் கம்பத்தையும் பகிர வேண்டும், அனுமதி விண்ணப்பத்தை மாதக்கணக்கில் மேஜையில் போட்டு வைக்கக் கூடாது, இதுதான் அதன் சாரம். அப்புறம் ஊர்ச் சதுக்கத்தில் இலவச வைஃபை போட ஊராட்சிக்கு 15,000 யூரோ வவுச்சர் கொடுத்தார்கள், நல்ல எண்ணம்தான், ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு வீட்டில் பாடம் எழுதும் பிள்ளைக்கு அது உதவாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, யாரிடம் கேட்பது. 2018-ல் வந்த ஐரோப்பிய மின்னணுத் தொடர்புச் சட்டத் தொகுப்பு, கட்டுப்படியாகும் விலையில் போதுமான பிராட்பேண்ட் என்பதை நுகர்வோரின் உரிமை ஆக்கியது. எது போதுமானது என்பதற்கும் ஒரு பட்டியல் உண்டு: மின்னஞ்சல், வங்கி, வேலை தேடுவது, அரசு சேவைகள், சாதாரணத் தரத்தில் வீடியோ அழைப்பு, இன்னும் சில. எத்தனை எம்பிபிஎஸ் என்பதை ஒவ்வொரு நாடும் தீர்மானிக்கும். ஃபின்லாந்து இதற்கெல்லாம் முன்பே, 2010 ஜூலையில், 1 எம்பிபிஎஸ்-ஐச் சட்ட உரிமை ஆக்கியது. ஜெர்மனி 2022-ல் 10 என்று ஆரம்பித்து, பிறகு பதிவிறக்கம் 15, பதிவேற்றம் 5 என்று உயர்த்தியது. என்னைக் கேட்டால் இது இன்னும் குறைவு, இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்குப் போதாது. ஆனாலும் அந்த அளவுகூட உங்கள் வீட்டில் கிடைக்காவிட்டால், பெடரல் நெட்வொர்க் ஏஜென்சியான புண்டெஸ்நெட்ஸ்ஆகென்டூரிடம் நீங்கள் முறையிடலாம். அவர்கள் விசாரித்து, தேவைப்பட்டால் ஒரு கம்பெனிக்கு உங்கள் வீட்டுக்கு இணைப்புத் தரும்படி உத்தரவே போடலாம், அதுவும் கட்டுப்படியாகும் விலையில்.

இன்னொன்று, 15-க்கு மேல் வருகிறது, ஆனால் ஒப்பந்தத்தில் சொன்ன வேகம் வரவில்லை என்றால் அது வேறு வழக்கு. அதே ஏஜென்சியின் பிராட்பேண்ட் அளவீட்டு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ளுங்கள், போனில் வேண்டாம். வைஃபையில் அளந்தால் செல்லாது, ரௌட்டரிலிருந்து கேபிள் போட்டு அளக்க வேண்டும். மூன்று தனித்தனி நாட்களில் மொத்தம் 30 முறை அளந்து முடித்ததும் ஓர் அறிக்கை கிடைக்கும். அதை வைத்துக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லலாம், அல்லது அபராதம் இல்லாமல் ஒப்பந்தத்தை விட்டு வெளியே வரலாம். அறிக்கையைக் கட்டாயம் எழுத்தில் அனுப்புங்கள், போனில் பேசி முடித்துவிடாதீர்கள். உங்கள் ஊருக்கு ஃபைபர் மானியம் வருகிறதா என்பதை ஊராட்சி அலுவலகத்திலேயே கேட்கலாம், வந்திருந்தால் எந்தெந்த நிறுவனங்கள் அந்தக் கேபிளில் சேவை தரப்போகின்றன என்றும் சேர்த்துக் கேளுங்கள்.