தனியாக ஒரு வீட்டை ஓட்டிக்கொண்டு

நேயர்களுக்கு வணக்கம். 66 வயதில் ஒரு மோட்டார் ஹோமை, அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்கும்படி வீடு போல அமைத்த வண்டியை, எடுத்துக்கொண்டு நான் தனியாகக் கிளம்பினேன். "இந்த வயதில், அதுவும் தனியாகவா?" என்று கேட்காதவர்கள் இல்லை. அக்கறையில்தான் கேட்டார்கள். எங்கிருந்து வந்தது இந்தத் தைரியம் என்றும் கேட்டார்கள். தினமும் காலையில் வண்டியைச் சுற்றி நடக்கிற ஐந்து நிமிடத்திலிருந்துதான் வருகிறது என்பேன்.

சாவியைத் திருப்புவதற்கு முன் ஒரு சுற்று வருவேன். கூரை ஜன்னல் மூடியாச்சா, கேஸ் சிலிண்டர் அடைத்தாச்சா, கரண்ட் வயரைக் கழற்றியாச்சா, வாசற்படி உள்ளே போயிற்றா என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டே போவேன். இரண்டு பேராகப் போனால் ஒருவர் மறந்ததை இன்னொருவர் சொல்வார். தனியாகப் போகிறவருக்குத் தன் குரல்தான் அந்த இன்னொருவர். முதல் வாரம் படியை உள்ளே தள்ளாமல் கிளம்பி, ஒரு கல்லில் இடித்து வளைத்துவிட்டேன். அதற்கப்புறம் ஒரு நாள்கூட அந்தச் சுற்றை விட்டதில்லை.

ரிவர்ஸ் எடுப்பதென்றால் பலருக்கும் பயம். நியாயமான பயம்தான். பின்சக்கரத்தைத் தாண்டியும் வண்டி நீண்டிருக்கும். முன்னால் போகும்போது வலப்பக்கம் ஒடித்துத் திருப்பினால் வால்பகுதி இடப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். பின்பக்கக் கேமரா தரையைக் காட்டும், மேலே தாழ்ந்து தொங்கும் கிளையைக் காட்டாது. அதனால் நிறுத்துவேன், இறங்குவேன், பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து கொஞ்சம் நகர்த்துவேன், மறுபடி இறங்குவேன். ஓரிடத்தில் ஐந்து முறை இறங்கி ஏறினேன். பின்னால் காத்திருந்தவர் ஹாரனே அடிக்கவில்லை.

டயரை மட்டும் குனிந்து பாருங்கள். இத்தகைய வண்டிகள் பெரும்பாலும் நின்றே கிடப்பவை. பட்டை தேயாமலே டயர் கிழடாகிவிடும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. தண்ணீரையும் யோசித்து நிரப்புங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 100 லிட்டர் டேங்க் நிரம்பினால் 100 கிலோ, இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது அது தெரியும்.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். வயதானால் இருட்டில் கண்மணி முன்போல விரிவதில்லை, எதிர்வண்டி வெளிச்சமும் அதிகம் கூசும். ஆகவே பொழுது சாய்வதற்குள் நிறுத்திவிடுவேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடப்பேன். வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையலாம். இன்சுலின் போடுகிறவர்கள் பிரிக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். குட்டி ஃபிரிட்ஜின் குளிர்த்தட்டை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும், உறைந்ததைப் போடக்கூடாது.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். குளிருக்காகக் கேஸ் அடுப்பை எரியவிட்டுத் தூங்காதீர்கள், காற்றுத் துளைகளைத் துணியால் அடைக்காதீர்கள். மூடிய இடத்தில் அடுப்பு எரிந்தால் சேரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. பக்கத்தில் படுத்து உங்களை எழுப்ப ஆளும் இல்லை. அதற்கென்று இருக்கிற அலாரத்தைப் பொருத்தாமல் ஓரிரவும் தங்காதீர்கள்.

சாயங்காலம் எஞ்சினை நிறுத்தியதும் ஓர் அமைதி வரும். முதல் சில நாள் அது கனத்தது. "வந்து சேர்ந்துவிட்டேன்" என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. இப்போது நிறுத்திய இடத்தைத் தினமும் மகளுக்கு அனுப்புகிறேன். எத்தனை மணி வரை செய்தி வராவிட்டால் அவள் ஆளைத் தேட வேண்டும் என்றும் பேசி வைத்திருக்கிறோம். அனுப்பியபின் விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பேன். மழை பெய்தால் கூரையில் ஒவ்வொரு துளி விழுவதும் தனித்தனியாகக் கேட்கும், முகத்துக்கு மேலே கையெட்டும் தூரத்தில்.

"நாளைக்கு எவ்வளவு தூரம்மா?" என்று மகள் கேட்பாள். 150 கிலோமீட்டருக்கு மேல் நான் ஓட்டுவதில்லை. "கொஞ்சம்தான்" என்பேன்.

நன்றி, வணக்கம்.