பெயர் மறைத்த அறுபது கட்டுகள்

அவைத்தலைவர் அவர்களுக்கும், இந்த மாலை வேளையில் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்க்கும் இளைஞர்களுக்கும் என் வணக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஓர் ஆய்வைப் பற்றி. அறுபது ஆண்கள், மூன்று சோதனைகள், மூன்று நிபுணர்கள். அவ்வளவுதான் அதன் அளவு. 1957இல் அமெரிக்காவின் உளவியல் ஆய்விதழ் ஒன்றில் அது வெளிவந்தது. அதைச் செய்தவர் ஈவ்லின் ஹூக்கர். தன்பாலீர்ப்பு ஒரு மனநோய் என்று அன்றைய மருத்துவ உலகம் ஏறத்தாழ ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தபோது, உங்களிடம் நோயாளியாக வராத தன்பாலீர்ப்பாளர் எவரையாவது நீங்கள் பார்த்ததுண்டா என்ற கேள்வியைத் தம் ஆய்வின் வழியாக எழுப்பியவர் அவர்.

அந்தக் காலத்தை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். 1952இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் மனநோய்களுக்கான தனது முதல் கையேட்டை வெளியிட்டபோது, தன்பாலீர்ப்பைச் சமூகத்துக்கு ஒவ்வாத ஆளுமைக் கோளாறுகளின் வரிசையில் வைத்தது. அடுத்த ஆண்டே அதிபர் ஐசனோவர் பிறப்பித்த ஆணை ஒன்று, தன்பாலீர்ப்பாளர்களை மத்திய அரசுப் பணியிலிருந்து வெளியேற்ற வழி செய்தது. அந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் அவர்களுடைய உறவு சட்டப்படி குற்றமாகவே இருந்தது. சிகிச்சை என்ற பெயரில் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். ஹார்மோன் ஊசி போட்டார்கள். சிலருக்கு மூளையிலேயே அறுவை செய்தார்கள். குற்றம் என்று சொன்ன சட்டமும் நோய் என்று சொன்ன மருத்துவமும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

அந்த மருத்துவ அறிவு எங்கிருந்து வந்தது? மனம் உடைந்து சிகிச்சை தேடி வந்தவர்களிடமிருந்தும், சிறையில் இருந்தவர்களிடமிருந்தும், படையிலிருந்து பிடித்து அனுப்பப்பட்டவர்களிடமிருந்தும் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துகொண்டு ஊர்க் கணக்கு எடுத்தால், ஊரில் இருப்பவர் எல்லோருமே நோயாளிகள் என்றுதான் கணக்கு முடியும். வேலைக்குப் போய், வீட்டு வாடகை கட்டி, துணையோடு பல ஆண்டுகள் வாழ்ந்து, எந்த மருத்துவர் முன்னாலும் போய் நிற்காதவர்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை. அவர்கள் தங்களை மறைத்துக்கொண்டு வாழ வேண்டியிருந்தது என்பதும், அப்படி மறைக்கச் செய்ததே சட்டமும் மருத்துவமும்தான் என்பதும் யாருடைய நினைவிலும் இல்லை.

ஈவ்லின் 1907இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்த் பிளாட் ஊரில், ஒன்பது குழந்தைகள் கொண்ட ஏழைக் குடும்பத்தில் பிறந்து கொலராடோவில் வளர்ந்தவர். அவருடைய தாய் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். படிப்பு ஒன்றைத்தான் உன்னிடமிருந்து எவராலும் பறிக்க முடியாது என்று மகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னவர். மகள் 1932இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் காசநோய் வந்து நெடுநாள் சானட்டோரியத்தில் கிடந்தார். 1937இல் உதவித்தொகை பெற்று பெர்லினுக்குப் போனவர் அங்கே ஒரு யூதக் குடும்பத்தின் வீட்டில் தங்கினார். அந்தக் குடும்பத்தார் பிற்பாடு நாஜிகளின் வதைமுகாமில் மாண்டார்கள். ஒரு மக்கட்கூட்டத்தையே முத்திரை குத்தி ஒதுக்குவது எதில் போய் முடியும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த வீட்டில் உண்டு உறங்கித் தெரிந்துகொண்டார். அவருடைய பிற்கால உறுதிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் விரிவாக்கக் கல்விப் பிரிவில் அவர் பாடம் நடத்தினார். அந்த வகுப்பில் சாம் ஃபிரம் என்ற மாணவர் இருந்தார். கூர்மையான அறிவும் கலகலப்பான பேச்சும் உடையவர். ஆசிரியரோடு நட்பு வளர்ந்த பிறகுதான், தாமும் தம் நண்பர்களும் தன்பாலீர்ப்பாளர்கள் என்பதை அவர் வெளிப்படுத்தினார். ஒருநாள் இரவு ஈவ்லினையும் அவருடைய அன்றைய கணவரையும் சான் பிரான்சிஸ்கோவில் ஃபினோக்கியோ என்ற கேளிக்கை விடுதிக்கு அழைத்துச் சென்றவர், திரும்பி வந்து பேசிக்கொண்டிருக்கையில் தம் கோரிக்கையை முன்வைத்தார்: மனநல மருத்துவரிடம் போகத் தேவையில்லாத எங்களைப் போன்றவர்களை நீங்கள் ஆராய வேண்டும், அது உங்கள் அறிவியல் கடமை என்றார். ஈவ்லின் முதலில் தயங்கினார். நண்பர்களை எப்படி ஆய்வுப் பொருளாக்குவது என்று கேட்டார். அப்படியானால் வேறு ஆட்களை நான் கொண்டுவந்து தருகிறேன் என்று சாம் விடவில்லை.

தம்முடன் ஒரே அறையில் பணிபுரிந்த புரூனோ கிளோப்ஃபரிடம் ஈவ்லின் இதைச் சொன்னபோது, அவர் இருக்கையிலிருந்து துள்ளி எழுந்து, இதை நீங்கள் செய்தே ஆக வேண்டும் என்றாராம். மைத்தடச் சோதனை என்று நாம் சொல்லும் ரோர்ஷாக் சோதனையில் அமெரிக்காவிலேயே முதல் வரிசை நிபுணர் கிளோப்ஃபர். அவருடைய அந்த உற்சாகம் பின்னால் என்னவாயிற்று என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

1953இல் ஈவ்லின் அமெரிக்க அரசின் தேசிய மனநல நிறுவனத்திடம் நிதியுதவி கேட்டு விண்ணப்பித்தார். கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகப்பட்டவர்களைத் துரத்திய செனட்டர் மக்கார்த்தியின் வேட்டை உச்சத்தில் இருந்த நேரம். நிதிப் பிரிவின் தலைவர் ஜான் எபர்ஹார்ட், இப்படி ஒரு விண்ணப்பம் போட்டிருக்கும் பெண்மணி யார் என்று நேரில் பார்க்கவே விமானம் ஏறி வந்தார். ஒரு நாள் முழுதும் பேசிப் பார்த்தார், பணம் கிடைத்தது.

ஆட்களைத் திரட்டுவதில் ஒரு வியப்பு காத்திருந்தது. தன்பாலீர்ப்புள்ள ஆண்கள், தங்கள் பெயர் வெளியே தெரிந்தால் வேலையும் மானமும் போய்விடும் என்ற நிலையிலும், சாமின் நட்பு வட்டத்தின் வழியாகவும் மாட்டசின் சொசைட்டி என்ற தன்பாலீர்ப்பாளர் உரிமை அமைப்பின் வழியாகவும் முன்வந்தார்கள். எதிர்பாலீர்ப்புள்ள ஆண்களைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. தொழிற்சங்கங்களை நாடினார், வீட்டுக்கு வந்த ஆண்களையும் விடாமல் கேட்டார். சால்டேர் அவென்யூவில் இனி எந்த ஆணுக்கும் பாதுகாப்பில்லை என்று அவருடைய கணவர் எட்வர்ட் ஹூக்கர் சொன்னதாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

சால்டேர் அவென்யூ வீட்டின் தோட்டத்தில் ஒரு தனியறை இருந்தது. சோதனைகள் அங்கேதான் நடந்தன. பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள் யாரும் வர வேண்டியதில்லை. இரு தரப்பிலும் முப்பது முப்பது பேர். வயது, கல்வி, நுண்ணறிவுத் திறன் மூன்றும் ஒத்துவரும்படி ஒருவருக்கு ஒருவராக இணை சேர்த்தார். சிகிச்சையில் இருந்த எவரையும் சேர்க்கவில்லை. ஒவ்வொருவரும் வந்து அமர்ந்து, பத்து அட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்க வேண்டும். நடுவில் மடித்துப் பிரித்தாற்போல் இருபுறமும் ஒத்த மைத்தடங்கள், சில கறுப்பும் சாம்பலும், சிலவற்றில் சிவப்பு, கடைசி மூன்றில் பல வண்ணம். அதில் என்ன தெரிகிறது என்று அவர் சொல்லச் சொல்ல, வார்த்தை தவறாமல் எழுதப்படும். இத்துடன், படத்தைப் பார்த்துக் கதை சொல்லும் சோதனை ஒன்றும், வெட்டிய உருவங்களைப் பின்னணிப் படத்தில் வைத்துக் கதை கட்டும் சோதனை ஒன்றும் இருந்தன.

இனித்தான் இந்த ஆய்வின் உயிர்நிலை. அறுபது பேரின் விடைகளிலிருந்தும் பெயரும் அடையாளமும் நீக்கப்பட்டன. அந்தக் கட்டுகள் நிபுணர்களிடம் கொடுக்கப்பட்டன: ரோர்ஷாக்குக்குக் கிளோப்ஃபரும் மார்ட்டிமர் மேயரும், உருவங்களை வைத்துக் கதை கட்டும் சோதனைக்கு, அதை உருவாக்கிய எட்வின் ஷ்னைட்மனே. முதல் வேலை, ஒவ்வொருவரும் வாழ்க்கையோடு எவ்வளவு இணங்கி, மனநலத்தோடு இருக்கிறார் என்று ஐந்து படிகளில் மதிப்பிடுவது. இரண்டாவது வேலை, இணை இணையாகத் தரப்படும் மைத்தட விடைகளில் தன்பாலீர்ப்பாளருடையது எது என்று சொல்வது.

தன்பாலீர்ப்பு ஓர் ஆழமான கோளாறு என்பது உண்மையானால், மனத்தின் ஆழத்தைத் துழாவும் சோதனையில் அது பளிச்சென்று தெரிய வேண்டும். அன்றைய பாடநூல்கள் சொன்னதும் அதைத்தான்: இன்னின்ன விடை வந்தால் இன்னார் என்று அடையாளப் பட்டியலே வைத்திருந்தார்கள். அந்தப் பட்டியலை விரல் நுனியில் வைத்திருந்தவர்கள் இந்த நிபுணர்கள். ஆனால் அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பூவா தலையா போட்டுச் சொல்லியிருந்தால் எவ்வளவு சரியாக இருந்திருக்குமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் சரியாக இருந்தது. தம்மால் கண்டுபிடித்துவிட முடியும் என்ற உறுதியில் மேயர் இரண்டாம் முறையும் முயன்று பார்த்தார். மனநல மதிப்பீட்டிலோ, இரு தரப்பிலும் மூன்றில் இரண்டு பங்கினர் நடுத்தரம் அல்லது அதற்கு மேல் என்று மதிப்பெண் பெற்றிருந்தார்கள். கிளோப்ஃபரும் தம் கண்முன்னே விழுந்த முடிவை மறுக்கவில்லை.

ஹூக்கரின் துணிச்சலைப் பலரும் புகழ்கிறார்கள். அவருடைய இரக்கத்தையும் புகழ்கிறார்கள். எனக்கோ, எல்லாவற்றிலும் பெரிதாகப் படுவது அந்தப் பெயர் மறைப்பு. தம் நண்பர்கள் நலமானவர்கள் என்று அவருக்குத் தெரியும். அதைத் தாமே எழுதினால் எவரும் ஏற்கமாட்டார்கள் என்பதும் தெரியும். ஆகவே தீர்ப்பைத் தம் கையில் வைத்துக்கொள்ளாமல், எதிர்க்கட்சியின் கருவியை எடுத்து, அக்கருவியில் கரைகண்டவர்களிடமே கொடுத்துவிட்டு விலகி நின்றார்.

இந்த ஆய்வின் எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். முப்பது பேர் என்பது சிறிய எண்ணிக்கை. பெண்கள் ஒருவரும் இல்லை. கதை சொல்லும் சோதனைகளில் பலருடைய கதைகளே அவர்களை யாரென்று காட்டிக்கொடுத்துவிட்டதால், பிரித்தறியும் பரீட்சையை மைத்தடச் சோதனை ஒன்றின் மீதே ஏற்ற வேண்டியிருந்தது. அந்த மைத்தடச் சோதனையின் நம்பகத்தன்மையே பிற்காலத்தில் கடும் விவாதத்துக்கு உள்ளானது. ஆனாலும் எதிர்த்தரப்பின் கூற்று என்னவென்று நினைத்துப் பாருங்கள்: தன்பாலீர்ப்பாளர் அனைவரும் நோயாளிகள் என்பது. அனைவரும் என்ற சொல்லை உடைக்க ஆயிரம் பேர் வேண்டியதில்லை. நலமாக வாழும் சிலரை நம்பத்தக்க முறையில் காட்டினால் போதும். ஹூக்கரும் அதற்கு மேல் உரிமை கொண்டாடவில்லை. தன்பாலீர்ப்பு என்று மருத்துவ நோக்கில் தனியாக ஒரு நோய்வகை இல்லை, எதிர்பாலீர்ப்பைப் போலவே அதுவும் பல வடிவம் கொண்டது என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்.

1956இல் சிகாகோவில் நடந்த அமெரிக்க உளவியலாளர் மாநாட்டில் அவர் இதை வாசித்தார். 1967இல் தேசிய மனநல நிறுவனம் அமைத்த ஆய்வுக்குழுவுக்கு அவரே தலைவரானார். மனநல மருத்துவர் ஜட் மார்மர் அக்குழுவில் ஓர் உறுப்பினர். தனிமையில், சம்மதத்துடன் நிகழும் உறவைக் குற்றமாகக் கருதக்கூடாது என்று அக்குழு 1969இல் அறிக்கை அளித்தது. பிறகு தன்பாலீர்ப்பாளர்களே மருத்துவ மாநாடுகளின் வாயிலில் நின்று குரல் எழுப்பினார்கள். 1972இல் டல்லாஸ் மாநாட்டில், ஒரு மனநல மருத்துவர் முகமூடி அணிந்து குரலையும் மாற்றிக்கொண்டு மேடையேறி, நானும் தன்பாலீர்ப்பாளன், நானும் உங்களில் ஒரு மருத்துவன் என்றார். தம் சக மருத்துவர்களிடம்கூட முகம் காட்ட அவரால் இயலவில்லை. 1973 டிசம்பர் 15 அன்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பு நீக்கப்பட்டது. அதை எதிர்த்தவர்கள் வாக்கெடுப்புக் கோரினார்கள். 1974இல் வாக்களித்தவர்களில் 58 விழுக்காட்டினர் நீக்கத்தை ஆதரித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 1990இல்தான் அந்த முடிவுக்கு வந்தது.

நம் பக்கத்தில், தன்பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடை செய்து சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் ஆணையிட்டது 2021 ஜூன் மாதத்தில். இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கு அது. தமக்கு இந்தப் பொருளில் தெளிவு போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் தாமே அமர்ந்து கேட்டறிந்த பிறகே அவர் எழுதினார். சால்டேர் அவென்யூ தோட்டத்து அறையில் அட்டைகள் விரிக்கப்பட்டு அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழிந்த பின்பும், நம் ஊர்களில் பெற்றோர் பிள்ளைகளைச் சிகிச்சைக்கு இழுத்துச் சென்றுகொண்டிருந்தார்கள் என்பதால்தான் அந்த ஆணைக்கே தேவை வந்தது.

1991இல் அமெரிக்க உளவியலாளர் சங்கம் ஹூக்கருக்கு உயரிய விருது அளித்தது. 1996 நவம்பரில் சாண்டா மோனிகாவில் காலமானார். கணவர் எட்வர்ட், ஆய்வு அச்சேறிய 1957ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே இறந்துபோயிருந்தார்.

சாம் ஃபிரம்மைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எங்களை ஆராயுங்கள் என்று தம் ஆசிரியரிடம் மன்றாடிய அந்த மாணவர், 1956இல் ஒரு கார் விபத்தில் உயிரிழந்தார். அந்தக் கட்டுரையை அச்சில் பார்க்க அவர் இல்லை.