சிட்ஜஸ் கடற்கரையில் ஒரு கரிச்சித்திரம்

(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, சித்திரை வெயிலில் எனக்குக் கனத்த பொன்னாடை ஒன்றைப் போர்த்தி மகிழ்ந்த நகர்மன்ற முன்னாள் உறுப்பினர் அவர்களே, நாற்காலி முதல் மின்விசிறி வரை ஏற்பாடு செய்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் அமர்ந்துகொண்ட நூலகர் அம்மையார் அவர்களே, தம் மாணவர்களை இரண்டு வேன்களில் அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, எனக்கு முன்பு பேசி என் நேரத்தில் பத்து நிமிடத்தை உரிமையோடு எடுத்துக்கொண்ட புலவர் ஐயா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

"சித்திரமும் கைப்பழக்கம்" என்ற பழமொழியைச் சொல்லாமல் நான் எந்த மேடையை விட்டும் இறங்கியதில்லை என்று தலைவர் கேலி செய்தார். இதோ, தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். இன்று மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன்: ஒன்று, ஸ்பெயின் நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றில் நான் சந்தித்த உருவப்பட ஓவியரின் கை, இரண்டு, அந்தக் கையை வளர்த்த ஊர், மூன்று, எல்லோர் பையிலும் கேமரா இருக்கும் இக்காலத்தில் உருவப்படத்துக்கு என்ன வேலை என்பது.

என் மகன் பார்சிலோனாவில் பணியாற்றுகிறான். சென்ற ஆண்டு அங்கே தங்கியிருந்தபோது, தென்மேற்கே ரயிலில் முக்கால் மணி நேரத்துக்கும் குறைவான தொலைவில் உள்ள சிட்ஜஸ் என்ற ஊருக்கு மருமகள் என்னை அழைத்துப் போனாள். வெள்ளையடித்த வீடுகள், கடலுக்குள் நீட்டி நிற்கும் மேட்டில் ஒரு தேவாலயம், அதன் கீழே தொடங்கி நீளும் கடற்கரைச் சாலை. அந்தச் சாலையோரத்தில் மடக்கு நாற்காலி போட்டு, எழுபது வயதைத் தாண்டிய அம்மையார் ஒருவர் கரியால் முகம் வரைந்துகொண்டிருந்தார். 31 ஆண்டுகள் ஓவிய ஆசிரியனாக இருந்தவன் அந்த இடத்தைக் கடந்து போக முடியுமா? உட்கார்ந்துவிட்டேன்.

வழக்கமாக எல்லோரும் கண்ணில் தொடங்குவார்கள். அவரோ பாதி மூடிய விழிகளால் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, மூக்கின் பக்கத்தில் விழுந்திருந்த நிழலைக் கரிக்குச்சியின் பக்கவாட்டால் ஒரே இழுப்பில் வைத்தார். கண் இருக்கும் இடத்தை அந்த நிழல்தான் அவருக்குக் காட்டியது. தாளைப் பார்த்ததைவிட என்னைப் பார்த்த நேரமே அதிகம். காது மடலில் வெளிச்சம் காட்ட வேண்டி வந்தபோது, பையிலிருந்து ரொட்டியின் நடுச்சதையைக் கிள்ளி, விரலில் உருட்டி, கரியை ஒற்றி எடுத்தார். பழைய ஓவியர்கள் ரொட்டியால் அழித்தார்கள் என்று பல்லாண்டுகள் பாடம் நடத்தியவன் நான். கண்ணால் கண்டது அன்றுதான். "அசையாமல் உட்காருங்கள்" என்று ஓராயிரம் பிள்ளைகளை அதட்டிய என்னால் பத்து நிமிடம் அசையாமல் இருக்க முடியவில்லை. அவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். "மூச்சையாவது விடுங்கள் என்கிறார், மாமா" என்றாள் மருமகள்.

யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டேன். பள்ளியில் ஓவிய ஆசிரியர் ஒருவர் இருந்தார் என்றார். அவ்வளவுதான் பதில். பின்பு கரி படிந்த விரலால் கடற்கரைச் சாலையில் நிற்கும் ஒரு சிலையைச் சுட்டிக் காட்டினார்.

அந்தச் சிலையின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தலைவர் மணியைத் தொடாமல் இருக்க வேண்டும். சாந்தியாகோ ருசிஞோல் என்ற ஓவியர் இந்த ஊரில் மீனவர் வீடுகள் இரண்டை வாங்கி, ஒன்றாக்கி, தாம் சேர்த்த பழைய இரும்பு வேலைப்பாடுகளை அங்கே வைத்தார். காவ் ஃபெர்ராட் என்று பெயர். இரும்புப் பொந்து என்று பொருள் கொள்ளலாம். 1894-இல் பாரிசில் அவர் இரண்டு படங்களை வாங்கினார். வரைந்தவர் எல் கிரேக்கோ, கிரேக்கத் தீவான கிரீட்டில் பிறந்து, ஸ்பெயினின் டொலேடோவில் 1614-இல் இறந்தவர், ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்தவர். ஒரு படத்தில் கண்ணீர் மல்கும் பேதுரு, மற்றொன்றில் மனம் வருந்தும் மகதலேனா. ருசிஞோல் அவற்றை ஆணி அடித்துச் சுவரில் மாட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தாரா? அந்த ஆண்டு நவம்பரில் ஒரு விழா எடுத்து, இரண்டு படங்களையும் ரயில் நிலையத்திலிருந்து தம் வீடு வரை தெருத் தெருவாக ஊர்வலமாகக் கொண்டு சென்றார்! நம் ஊரில் உற்சவ மூர்த்தி புறப்படுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மூர்த்தி இருக்கும் இடத்தில் சட்டம் போட்ட துணி; பல்லக்குத் தூக்குபவர்கள் இருக்கும் இடத்தில் ஓவியரும் கவிஞரும். இதோடும் முடியவில்லை. நான்கே ஆண்டுகளில், 1898-இல், பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி, அந்த எல் கிரேக்கோவுக்குக் கடற்கரையில் சிலையே வைத்துவிட்டார்கள். தம் ஊரில் பிறக்காத, செத்து முந்நூறு ஆண்டை நெருங்கிய ஓர் ஓவியனுக்கு! ருசிஞோல் 1931-இல் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற வீடு 1933 முதல் அருங்காட்சியகம். ஊர்வலம் வந்த படங்கள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. ருசிஞோலும் அவர் நண்பர் ரமோன் காசாசும் ஒருவரையொருவர் வரைவதாக 1890-இல் இருவரும் சேர்ந்து தீட்டிய படமும் அங்கே உண்டு.

சித்திரமும் கைப்பழக்கம் என்கிறோம். பழக்கத்துக்கு நேரம் வேண்டாமா? இதைத்தான் நானும் நண்பர்களும் இரண்டு ஆண்டுகளாக மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறோம். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் வாரத்துக்கு ஒரே ஓவிய வகுப்பு. அதுவும் காலாண்டுத் தேர்வு நெருங்கினால் கணக்குக்குக் கடனாகப் போகும், திரும்பி வராது. மாணவர் முன்னிலையில் இதைச் சொல்லலாமா என்று தலைமையாசிரியர் ஐயா பார்க்கிறார்; அவர் பள்ளியைச் சொல்லவில்லை. கணக்கின் மீதும் எனக்குப் பகை இல்லை. ஸ்பெயினின் இன்னொரு கடற்கரை நகரமான மலாகாவில் 1881-இல் பிக்காசோ பிறந்தபோது, அவருடைய தந்தை அங்கே ஓவிய ஆசிரியர், புறாக்களை வரைந்துகொண்டிருந்தவர். மகனுக்கு முதலில் கரிக்கோல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அந்தத் தந்தைதான். சிட்ஜஸ் அம்மையாருக்கு ஒரு பள்ளி ஆசிரியர் கிடைத்தார். நம் ஊர் அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியர் இடம் எதுவும் காலியாகக் கிடக்கக் கூடாது, ஓவிய வகுப்பை எந்தப் பாடத்துக்கும் கடன் கொடுக்கக் கூடாது. இந்த இரண்டே கோரிக்கைகள்தாம் மனுவில் உள்ளன. முன்னாள் உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போடுவதாகச் சற்று முன்பு என் காதில் சொன்னார். ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டேன், இனிப் பின்வாங்க முடியாது.

மூன்றாவது செய்தி இருக்கிறது. தலைவரின் கையும் மணியின் மேல் இருக்கிறது. கேமராவைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்.

அம்மையார் வரைந்த படத்தைக் கண்ணாடி போட்டுக் கொண்டு வந்திருக்கிறேன். வாசலில், மனு வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இடது காதருகே ஒரு சிறு வெள்ளை இடம் தெரியும். ரொட்டி வேலை செய்த இடம் அதுதான். மாணவர்கள் முதலில் வந்து பார்க்கட்டும், பெரியவர்கள் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.