மலைப்பிளவில் ஒரு காது

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருபத்தாறு வருடமாக வயலின் சொல்லிக் கொடுத்து வருகிறேன். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே தண்டவாளம். கோச்சி வரும்போது யன்னல் கண்ணாடி நடுங்கும். பிள்ளைகள் தாங்களாகவே வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அது கடந்து போகும்வரை காத்திருப்பார்கள். அவர்களுக்கு நான் சொன்ன கதைகளில் பாதி அந்தக் காத்திருப்பில் தொடங்கியவை. இன்று உங்களிடம் கொண்டு வந்திருப்பதும் அப்படிப்பட்ட ஒன்றுதான். ஊர் ஊராய்த் திரியும் ஒரு பாணனும் ஓர் அசுணக் குட்டியும்.

அசுணம் என்பது சங்கப் பாடல்களில் வரும் அதிசயப் பிராணி. மலைக் குகையில் வாழும். யாழ் ஒலி கேட்டால் தன்னை மறந்து வெளியே வந்து நின்றுவிடும். அதே காதில் பறையின் பேரொலி விழுந்தால் நின்ற இடத்திலேயே உயிரை விட்டுவிடும். கலித்தொகையின் 143ஆம் பாடல் அதை மான் என்கிறது. பறவை என்று கொண்டவர்களும் உண்டு. நிறம் என்ன, கொம்பு உண்டா, வால் எப்படி? நான் படித்த பாடல்களில் அது எதுவும் இல்லை. ஒருநாள் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து வரையச் சொன்னேன். ஒருத்தி முயல் மாதிரி வரைந்தாள். இன்னொருத்தி அதற்கு மயில் தோகை வைத்தாள். ஒரு பையன் தாள் முழுக்க ஒரே ஒரு காதை மட்டும் வரைந்து, உள்மடிப்புக்கு அடர்த்தியாக நிழல் போட்டு, அவ்வளவுதான் என்று நீட்டினான். பாட்டை எல்லோரையும் விட நன்றாக விளங்கிக்கொண்டவன் அவன்தான் என்று எனக்குப் பட்டது.

அசுணத்தை வேட்டையாடுகிறவர்கள் மறைந்திருந்து யாழ் வாசிப்பார்களாம். அது மயங்கி வெளியே வந்ததும் பறையை அறைவார்களாம். நற்றிணையின் 304ஆம் பாடலில் மாறோக்கத்து நப்பசலையார் இதை ஒரு பெண்ணின் வாயில் வைக்கிறார். அவன் சேர்ந்திருந்தால் இன்பம், பிரிந்தால் துன்பம். அவனுடைய மார்பு அசுணம் கொல்பவர் கையைப் போன்றது என்கிறாள் அவள்.

அந்தக் கையை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். சுருதி சேராமல், விரல் பிசகி வாசித்தால் அசுணம் வராது. ஆகவே அந்த வேட்டுவன் நன்றாக வாசிக்கத் தெரிந்தவன். வருடக் கணக்காகப் பழகிய கை. அதே கைதான் அடுத்த கணம் அறைகிறது. இதில் பறையின் மேல் பழி போடாதீர்கள், நேயர்களே. பறை ஊரைக் கூட்டும், சாவீட்டில் நமக்காக அழும், கூத்தைத் தூக்கி நிறுத்தும். பிழை, காது முழுதாய்த் திறந்து கிடந்த நேரம் பார்த்து ஓங்கிய கையில் இருக்கிறது.

என் கையும் அப்படி ஒருமுறை ஓங்கியது. ஏழு வயதுப் பிள்ளை ஒன்று. தன் வகுப்புக்கு அரை மணித்தியாலம் முன்னதாகவே வந்து, படியில் இருந்து மற்றப் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கும். சப்பாத்தைக்கூடக் கழற்ற மறந்து இருக்கும். பரீட்சை நெருங்கிய காலம் அது. ஜண்டை வரிசையில் அந்தப் பிள்ளைக்குத் தாளம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தவறியது. என் கையில் தாளம் தட்டுகிற கட்டை இருந்தது. மேசையில் ஓங்கி அடித்தேன், அவளுடைய காதுக்கு ஒரு முழ தூரத்தில். வில் தந்தியை விட்டு விலகியது. அவள் அழவில்லை. பாடத்தை முடித்துவிட்டுத்தான் போனாள். இன்னும் இரண்டு கிழமை வந்தாள், சரியாக மணிக்கு. படியில் இருக்கவில்லை. பிறகு தாய் தொலைபேசியில் சொன்னார்: "பிள்ளைக்கு இப்ப விருப்பமில்லை, ரீச்சர்."

அதற்குப் பிறகு நான் கட்டையைத் தொட்டதில்லை. தொடையில் கையால்தான் தாளம் போடுகிறேன். நற்றிணைப் பாட்டைப் படித்தது அதற்கும் சில வருடம் கழித்து. படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ஆனால் அசுணத்தை வேறு விதமாகப் பார்த்த ஒரு புலவர் இருக்கிறார். அவரை ஈழத்துப் பூதன்தேவனார் என்று பெயர் சொல்லியே அழைக்கிறோம். சங்கத் தொகைகளில் அவருடைய பாடல்கள் ஏழு உண்டு. அவற்றில் ஒன்று அகநானூறு 88. இரவில் காட்டு வழியாக வந்து போகிற தலைவனை நினைத்துக் கவலைப்படும் பாட்டு. அந்தக் காட்டில் எல்லாம் காது கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. தினை தின்ன வரும் பன்றி, பல்லி சொல்வதை ஓர்ந்துதான் நெருங்குகிறது. யானையின் மதநீரில் வண்டுக் கூட்டம் மொய்த்து முரல்கிறது. மலைப்பிளவுக்குள்ளே இருக்கும் அசுணம் அதை யாழ் என்று நினைத்து உற்றுக் கேட்கிறது. "யாழ் செத்து இருங்கல் விடரளை அசுணம் ஓர்க்கும்" என்பது அவர் வாக்கு. இங்கே "செத்து" என்றால் "என்று கருதி" என்று பொருள். நம் காலத்துக் காதுக்கு அந்தச் சொல் சற்றுத் திடுக்கிட வைக்கும்.

இந்த வரிகளில் அசுணத்தைக் கொல்ல யாரும் வரவில்லை. வண்டுகளுக்கோ, தங்களை ஒன்று கேட்டுக்கொண்டிருப்பது தெரியாது. 1925 டிசம்பரில் கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கிய நாளிலிருந்து, இப்படி ஓர் அறைக்குள் இருந்து பேசுகிற எவருக்கும் இதே நிலைமைதான். உங்களில் யார் அடுப்படியில் நின்று கேட்கிறீர்கள், யார் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்து கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஒலிவாங்கியின் முன் இருக்கும்போது என் குரல் தானாகவே தணிந்துவிடுகிறது.

பாணர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். அவர்கள் வறியவர்கள். வாத்தியங்களைப் பைகளில் கட்டித் தோளில் தொங்கவிட்டு, கொடுக்கிற மனம் உள்ளவரைத் தேடி நடந்தவர்கள். அந்தப் பைகள் பலாமரத்தில் காய்க்கொத்துத் தொங்குவது போல இருந்தன என்கிறது மலைபடுகடாம். வழிப்பறிக் கள்வர்கூடப் பாலை யாழைக் கேட்டால் ஆயுதத்தைக் கீழே போட்டுவிடுவார்கள் என்கிறது பொருநராற்றுப்படை. யாழின் மேல் போர்த்த தோலின் மூட்டுவாயைப் பார்த்து, இளஞ்சூல் கொண்ட பெண்ணின் வயிற்றில் ஓடும் மெல்லிய மயிரொழுங்கு என்று அதே பாட்டு சொல்லும்போது, அந்த வாத்தியத்தை அவர்கள் எப்படித் தொட்டிருப்பார்கள் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

அந்த யாழ் வழக்கொழிந்து போயிற்று. அதன் நரம்புக் கணக்கைப் பழம்பாட்டுகளிலிருந்து மீட்டெடுக்க வருடக் கணக்காகப் பாடுபட்டவர் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். கடைசி வருடங்களில் அவர் கொழும்பிலேதான் இருந்தார், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராக. அவர் எழுதிய யாழ் நூல் 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி இதே கொழும்பில் அவர் காலமானார். பாணன் போனான், யாழ் போயிற்று. அசுணம் எங்கே போயிருக்கும் என்று ஒரு பிள்ளை கேட்ட கேள்வியில்தான் என் கதை தொடங்கியது.

கதை இதுதான்.

மழை பொய்த்த ஒரு வருடம். பாணன், அவன் மனைவி விறலி, இடுப்பில் கைப்பிள்ளை, முழவு தூக்கி வரும் கிழவர். மலைக்கு அப்பால் ஒரு குறுநில மன்னன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு நடக்கிறார்கள். இரவு ஒரு பாறைக் குகை வாசலில் தங்குகிறார்கள். பாணன் சீறியாழை எடுத்து மெல்லத் தடவுகிறான். உள்ளே இருட்டில் இரண்டு புள்ளி மினுங்குகிறது. இரண்டாம் இரவு ஒரு மூக்கு வெளியே வருகிறது. மூன்றாம் இரவு அசுணக் குட்டி முழுதாய் வந்து, பாணனின் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்கிறது. குரல் நரம்பைத் தொட்டால் ஒரு காது நிமிரும், இளியைத் தொட்டால் மற்றக் காது. பிள்ளைகளுக்கு விளங்கவேண்டுமே, அதனால் சட்ஜம், பஞ்சமம் என்று வாசித்தும் காட்டுவேன்.

காலையில் வேட்டுவர்கள் வருகிறார்கள். மண்ணில் சின்னக் காலடி கண்டு வந்தவர்கள். "உன் யாழ், எங்கள் பறை. கிடைப்பதில் பாதி உனக்கு" என்கிறார்கள். தேக்கிலையில் பொதிந்த தினைச் சோற்றை அச்சாரமாக நீட்டுகிறார்கள். விறலிக்குப் பால் வற்றி மூன்று நாள். கைப்பிள்ளை சோற்று மணத்துக்குக் கையை நீட்டுகிறது.

பாணன் பொதியை வாங்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது என்பது அவனுக்குத் தெரியும். இந்த மலையில் எங்கே அவன் நரம்பைத் தொட்டாலும் குட்டி வெளியே வந்துவிடும். பறை எந்தப் பாறை மறைவில் காத்திருக்கிறதோ. வேட்டுவர் போனதும் அவன் யாழை மடியில் வைத்து, ஏழு நரம்பையும் ஒவ்வொன்றாகத் தளர்த்துகிறான். தளரும்போது ஒவ்வொன்றும் ஒரு சின்ன முனகல் முனகுகிறது. குட்டி அதையும் கேட்கிறது. ஏழாவது நரம்பும் அடங்கியபின் தலையைச் சாய்த்து, இன்னும் ஏதாவது வருமா என்று பார்க்கிறது. பாணன் யாழை உறையிலிட்டுக் கட்டுகிறான்.

மலையைக் கடக்க மூன்று நாள் எடுத்தது. அவன் வாசிக்கவில்லை, பாடவில்லை, பிள்ளைக்குத் தாலாட்டுக்கூட இல்லை. குட்டி முதல் நாள் முழுக்கப் பின்னால் வந்தது. இரண்டாம் நாள் ஒரு தேன்பாறைக்குக் கீழே நின்றுவிட்டது. மேலே வண்டுகள் இரைந்துகொண்டிருந்தன. பாணன் திரும்பிப் பார்க்கவில்லை என்று நான் சொன்னபோது பிள்ளைகளுக்கு என் மேல் பெரிய கோபம். அதனால் இப்போது, விறலி மட்டும் திரும்பிப் பார்த்தாள், குட்டியின் காது பாறைப் பக்கம் திரும்பியிருந்தது என்று சொல்கிறேன்.

மன்னன் சோறிட்டான், பொன் கொடுத்தான். வழக்கம்போல.

பல வருடம் கழித்து அதே மலை வழியாகத் திரும்பி வருகிறார்கள். கிழவர் இல்லை, அவர் மகன் முழவு தூக்குகிறான். குகை நெருங்கும்போது பாணன் மேலாடையைக் கழற்றி, முழவின் இரண்டு முகத்தையும் சுற்றி இறுக்கிக் கட்டுகிறான். கல்லில் இடறி ஒரு சத்தமும் எழக்கூடாது. மூச்சை அடக்கிக்கொண்டு எல்லோரும் அந்த வாசலைக் கடந்து போகிறார்கள்.

போன வருடக் கடைசி வகுப்பில் இதைச் சொல்லி முடித்தபோது, முயல் வரைந்த பிள்ளை கேட்டாள்: "குட்டி உள்ளுக்குள்ள இருந்ததா, ரீச்சர்?"

"பாணனுக்குத் தெரியாது, பிள்ளை."

"அப்ப ஏன் முழவைக் கட்டினவர்?"

நான் வாய் திறக்கவும் கோட்டைப் பக்கமிருந்து கோச்சி வந்துவிட்டது. கண்ணாடி நடுங்கியது. எல்லோரும் வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். காதை வரைந்த பையன் மட்டும், தன் வயலினின் நான்கு தந்தியும் அதிராதபடி, உள்ளங்கையை அவற்றின் மேல் மெல்ல விரித்து வைத்திருந்தான்.

நன்றி. வணக்கம்.