ஸ்டடி பைபிள் வாங்கும் முன் இந்த ஒரு வசனத்தைப் பாருங்கள்

எல்லாருக்கும் வணக்கம். மேஜைமேல் மூன்று ஸ்டடி பைபிள்களை, அதாவது வசனங்களோடு விளக்கக் குறிப்புகளும் போட்ட பைபிள்களைத் திறந்து வைத்திருக்கிறேன். மூன்றிலும் ஒரே வசனம், சங்கீதம் 16:7. கேமராவை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டு வருகிறேன்.

இது கிங் ஜேம்ஸ், பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு. இங்கே 'ரெயின்ஸ்' என்று இருக்கிறது பாருங்கள், அது சிறுநீரகத்துக்குப் பழைய ஆங்கிலச் சொல். எபிரேயத்திலும் சிறுநீரகம்தான். நம் பழைய தமிழ் வேதாகமம் 'உள்ளிந்திரியங்கள்' என்கிறது. என்ஐவி என்ற இக்கால ஆங்கில மொழிபெயர்ப்பில் 'ஹார்ட்', அதாவது இருதயம். சரி, அது கருத்தைப் பார்த்து மொழிபெயர்க்கிற பைபிள். ஆனால் சொல்லுக்குச் சொல் என்று பெயரெடுத்த ஈஎஸ்வி என்ற மொழிபெயர்ப்பும் இருதயம் என்றுதான் போடுகிறது! மனிதனின் ஆழ்மனம் குடியிருப்பது சிறுநீரகத்தில் என்று எபிரேயர்கள் பேசினார்கள். அதை அப்படியே போட்டால் இன்று யாருக்குப் புரியும்? அதனால் முழுக்க முழுக்கச் சொல்லுக்குச் சொல் என்று எந்த பைபிளும் இல்லை, கூடக் குறைய இருக்கும், அவ்வளவுதான்.

என்னை அதிகம் உலுக்கியது ரோமர் 8, அதாவது பவுல் அப்போஸ்தலர் ரோமில் இருந்த விசுவாசிகளுக்கு எழுதிய கடிதத்தின் எட்டாம் அதிகாரம். பவுல் எழுதிய கிரேக்கச் சொல் 'சார்க்ஸ்', மாம்சம், அதாவது சதை. 1984 என்ஐவி அதை அங்கே 'பாவ சுபாவம்' என்ற பொருளில் போட்டது. படித்ததும் புரிந்துவிடும். ஆனால் யோவான் 1:14-இல் 'அந்த வார்த்தை மாம்சமாகி' என்று வருகிற இடத்திலும் அதே சார்க்ஸ்தான். இரண்டு இடத்தில் இரண்டு சொல் வந்தால் அந்தத் தொடர்பு கண்ணிலேயே படாது. எனக்குப் பல வருடம் படவில்லை. அது தெரிந்த அன்றைக்கு இரண்டு பக்கங்களையும் மாற்றி மாற்றிப் புரட்டிக்கொண்டே இருந்தேன். 2011 திருத்தத்தில் பெரும்பாலான இடங்களில் மாம்சம் என்றே மாற்றிவிட்டார்கள்.

அதனால் முதலில் மொழிபெயர்ப்பு, அப்புறம்தான் குறிப்புகள். ஒரே குறிப்புகள் பல மொழிபெயர்ப்புகளோடு வருவதும் உண்டு. ஜான் மெக்கார்தர் என்ற போதகரின் குறிப்புகள் உள்ள மெக்கார்தர் ஸ்டடி பைபிள் 1997-இல் நியூ கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்போடு வந்தது, பிறகு ஈஎஸ்வி, என்ஐவியோடும் வந்தது.

உட்கார்ந்து ஆராய நான் ஈஎஸ்வி எடுப்பேன். புதிதாக வாசிக்கிறவருக்கு ஒரு அதிகாரத்தைச் சத்தமாக வாசித்துக் காட்ட என்எல்டி என்ற எளிய ஆங்கில மொழிபெயர்ப்பு. வாக்கியம் தடையில்லாமல் ஓடும்.

கடையில் கையில் எடுத்ததும் ரோமர் 8-ஐத் திறந்து, மாம்சத்துக்குக் கீழே என்ன குறிப்பு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒன்றுமே இல்லையென்றால் நான் அந்த பைபிளைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவேன்.