டார்க் டெம்ப்ளர்: எப்ப இறக்கணும், எங்க வெட்டணும்

வணக்கம் மக்களே. இன்னைக்கு ஸ்டார்கிராஃப்ட் 2 கேம்ல புரோட்டாஸ் இனத்தோட டார்க் டெம்ப்ளர், சுருக்கமா டிடி. கண்ணுக்குத் தெரியாம வந்து வெட்டற யூனிட் இது. எதிரி கிட்ட டிடெக்‌ஷன், அதாவது மறைஞ்சிருக்கறதைக் காட்டற ஏதாவது, இல்லன்னா இதை அடிக்க முடியாது. எதிரி டெரன், ஜெர்க், இல்ல இன்னொரு புரோட்டாஸா இருப்பாங்க. கமென்ட்ல நிறைய பேர் "டிடி போட்டேன், ஒண்ணும் ஆகல"ன்னு எழுதறீங்க. அதை இன்னைக்குப் பிரிச்சுப் பார்த்துடலாம்.

முதல்ல இவங்க யாருன்னு சுருக்கமா. புரோட்டாஸ் இனத்தோட மனசையெல்லாம் ஒண்ணா கட்டி வைக்கிறது காலா. அதுக்குள்ள வரமாட்டோம்னு தலைக்குப் பின்னாடி தொங்குற நரம்புக் கொத்தையே அறுத்துக்கிட்டவங்க நெராஸிம், அதாவது டார்க் டெம்ப்ளர் கூட்டம். அதுக்காக ஐயூர் கிரகத்தை விட்டே அவங்களைத் துரத்திட்டாங்க. இவங்களோட வாய்டு சக்திதான், ஜெர்க் இனத்தோட தலைமை மூளையான ஓவர்மைண்ட் திரும்பத் திரும்ப உயிர்ப்பிக்கிற அதோட தளபதி செரிப்ரேட்டையே ஒரேயடியா சாகடிச்சது. நெராஸிம் வீரன் ஜெராட்டுல் செஞ்ச அந்தக் காரியம் தெரிஞ்சவங்களுக்கு, இந்த யூனிட்டை ஓட்டறப்பவே ஒரு மரியாதை வரும்.

சரி, நம்பருக்கு வருவோம். பேட்ச் வந்தா ஒண்ணு ரெண்டு மாறலாம், கணக்குப் போடற விதம் மாறாது. ஒரு டிடிக்கு 125 மினரல், 125 கேஸ், 2 சப்ளை (மினரலும் கேஸும் தோண்டி எடுக்கற காசு, சப்ளை படையில பிடிக்கிற இடம்). உயிர் 40, ஷீல்டு 80. 1998-ல வந்த ப்ரூட் வார்ல இது அப்படியே தலைகீழ்: உயிர் 80, ஷீல்டு 40. அதனால இப்ப டெரனோட கோஸ்ட், ஷீல்டை அழிக்கிற இஎம்பி ஒண்ணு போட்டா ஷீல்டு மொத்தமும் போயிடும், ஆளும் தெரிஞ்சிடுவான். கோஸ்ட் வந்ததுக்கு அப்புறம் டிடியைக் கூட்டமா அனுப்பாதீங்க.

ஒரு வெட்டு 45. மினரல் தோண்டற ஒர்க்கர்கள்ல டெரன் எஸ்சிவி உயிரும் சரியா 45, ஜெர்க் ட்ரோன் 40, புரோட்டாஸ் ப்ரோப் ஷீல்டோட சேர்த்து 40. எந்த ஒர்க்கரா இருந்தாலும் ஒரே வெட்டு. ஒரு வெட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 1.21 செகண்ட். பத்து செகண்ட் கிடைச்சா ஒரு டிடிக்கு எட்டு ஒர்க்கர். ஆனா டிடி நடக்கற வேகமும் ஒர்க்கர் ஓடற வேகமும் ஒண்ணு, 3.94. ஓட ஆரம்பிச்ச ஒர்க்கரைத் துரத்திப் பிடிக்கவே முடியாது. நிறைய பேர் இங்கதான் கோட்டை விடறாங்க. அதனால துரத்தாதீங்க. மினரலுக்குப் பின்பக்கமா வந்து, ஒர்க்கர் தப்பிச்சுப் போற வழியில இன்னொரு டிடியை ஹோல்ட் பொசிஷன்ல (நகராம நின்ன இடத்துலயே வெட்டற ஆர்டர்) நிறுத்துங்க.

ஏ-மூவும் (போற வழியில எதிர்ப்படறதைத் தானா அடிக்கற ஆர்டர்) போடாதீங்க. போட்டா டிடி ஆயுதம் இருக்கற யூனிட்டைத்தான் முதல்ல தேடும். ஜெர்க் பேஸ்ல அது குயின் மேல பாயும். குயினுக்கு உயிர் 175, ஆர்மர் 1, அதனால ஒவ்வொரு வெட்டுலயும் ஒண்ணு குறையும். அதாவது 44, 44-ஆ நாலு வெட்டு. அதுக்குள்ள ட்ரோன் எல்லாம் அடுத்த பேஸுக்குப் போயிடும். ஒர்க்கரை ஒண்ணொண்ணா கையால க்ளிக் பண்ணுங்க. ஷிஃப்ட் அழுத்திட்டு வரிசையா க்ளிக் பண்ணாலும் சரி.

இப்ப பில்ட், அதாவது கட்டடம் கட்டற வரிசை. கேட்வே, சைபர்நெடிக்ஸ் கோர், அப்புறம் ட்விலைட் கவுன்சில் 150 மினரல் 100 கேஸ், கடைசியா டார்க் ஷ்ரைன் 150, 150. ஷ்ரைன் கட்ட 71 செகண்ட் ஆகும். உற்பத்தியை வேகப்படுத்தற க்ரோனோ பூஸ்ட் கட்டடம் கட்டறதுக்கு உதவாது, அதனால இந்த நேரத்தைக் குறைக்க வழியே இல்ல. அழகு என்னன்னா, ரெண்டு கேஸ்ல மூணு மூணு ப்ரோப் இருந்தா இந்த 71 செகண்ட்ல கிட்டத்தட்ட 380 கேஸ் வரும். மூணு டிடிக்கு வேண்டியது 375. நடுவுல சென்ட்ரி, ஸ்டாக்கர்னு கேஸைச் செலவழிச்சா ஷ்ரைன் முடியறப்ப கையில ஒரு டிடிக்குத்தான் காசு இருக்கும். மினரல் மிஞ்சுமே, அதுல கேட்வேயை மூணாக்குங்க, ஜெலட் போடுங்க.

பைலான் விஷயம் கவனம். எதிரி பேஸ் பக்கத்துல தனியா வெச்ச பைலான்ல (பவர் தர்ற புரோட்டாஸ் கட்டடம்) வார்ப்-இன் ஆக, அதாவது யூனிட் நேரா அங்கயே வந்து இறங்க, 16 செகண்ட். யூனிட்டை ஏத்திக்கிட்டுப் பறக்கற வார்ப் ப்ரிசம்ல 4 செகண்ட். டெரன் சப்ளை டிப்போவை வெச்சு வாசலை அடைச்சிருந்தா டிடி கண்ணுக்குத் தெரியலைன்னாலும் உள்ள நுழைய முடியாது, அங்க ப்ரிசம் இல்லாம வேலை நடக்காது. ஒரு ப்ரிசம்ல நாலு டிடி ஏறும்.

டெரன் கிட்ட ஆர்பிட்டல் கமாண்ட் கட்டடம் இருந்தா ஸ்கேன் (மறைஞ்ச யூனிட்டையும் கொஞ்ச நேரம் காட்டறது) இருக்கும்னு எடுத்துக்கோங்க. ஒரு ஸ்கேனுக்கு 50 எனர்ஜி, அதே 50-லதான் மியூல் வரும். ஒரு மியூல் கிட்டத்தட்ட 225 மினரல் தோண்டும். அவங்க ஸ்கேன் போட்டாலே அந்தக் காசு போச்சு. அதனால ரெண்டு டிடியை ஒரே இடத்துல விடாதீங்க. ஒண்ணு மெயின்ல (முதல் பேஸ்), ஒண்ணு நேச்சுரல்ல (ரெண்டாவது பேஸ்). ஒரு ஸ்கேன் ஒரு இடத்தைத்தான் காட்டும். மேல விழுந்துடுச்சுன்னா சண்டை போடாம வெளிய ஓடுங்க, பத்து செகண்ட்ல அணைஞ்சிடும். இன்ஜினியரிங் பே இல்லாதவங்க அதைக் கட்டி, டிடியைக் காட்டற டரெட்டும் கட்டி முடிக்க 43 செகண்ட் ஆகும். நீங்க விளையாடறது அந்த 43 செகண்டுக்குத்தான்.

ஜெர்க் கிட்ட அந்த நேரம் கிடைக்காது. டிடியைக் காட்டற ஸ்போர் க்ராலருக்கு ஸ்பானிங் பூல் போதும், 21 செகண்ட்ல நிக்கும். மினரல் பக்கம் ஸ்போர் தெரிஞ்சா அங்க போகாதீங்க. ஸ்போர் வைக்காத மூணாவது ஹேட்சரியைப் (ஜெர்க் பேஸோட முக்கியக் கட்டடம்) பாருங்க. உயிர் 1500, ஆர்மர் 1, மொத்தம் 35 வெட்டு. நாலு டிடி சேர்ந்தா பத்துப் பதினோரு செகண்ட்ல கட்டடம் விழுந்துடும். எனக்குக் கேட்டா ஜெர்க் கிட்ட ட்ரோனை விட இதுதான் நல்ல இரை. இன்னொண்ணு, ஃபோர்ஜ்ல முதல் வெப்பன் அப்கிரேட் வந்தா வெட்டு 50 ஆகும். ரோச்சுக்கு உயிர் 145, ஆர்மர் 1. நாலு வெட்டு வாங்கினது இப்ப மூணுல சாகும். ரோச் கூட்டம் வர்ற ஆட்டத்துல இதைத் தள்ளிப் போடாதீங்க.

புரோட்டாஸ் எதிரின்னா ரோபோ, அதாவது ரோபோடிக்ஸ் ஃபெசிலிட்டி கட்டடம், இருக்கான்னு மட்டும் பாருங்க. இருந்தா டிடியைக் காட்டற அப்சர்வர் வந்துடும். ஃபோர்ஜும் (டிடியைக் காட்டற கேனனுக்கு இது வேணும்) இல்ல, ரோபோவும் இல்லன்னா ஷீல்டு பேட்டரி எத்தனை வெச்சிருந்தாலும் அது டிடியைக் கண்டுபிடிக்காது. ஒரேகிள்ல மட்டும் உஷார், ரெவலேஷன் போட்டா தெரிஞ்சிடுவீங்க.

டிடெக்‌ஷன் வந்துடுச்சு, இனி வெட்ட முடியலன்னா மிச்சம் இருக்கற டிடியைச் சாகக் கொடுக்காதீங்க. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து ரெண்டு ரெண்டா சேர்த்து ஆர்கான் ஆக்குங்க. ரெண்டு டிடிக்கும் சேர்த்து உயிரும் ஷீல்டுமா 240, ஆர்கானுக்கு 10 உயிர், 350 ஷீல்டு. சேர ஒன்பது செகண்ட் ஆகும். அந்த நேரம் அசைய முடியாது, அதனால எதிரி பேஸ்ல நின்னுக்கிட்டு அந்தப் பட்டனை அழுத்தாதீங்க.